பழைய 800-க்கு சைலன்சர் ஓட்டை: ஒட்டுவதா, மாற்றுவதா?

காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் ஒரு பழைய கார் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். சென்னையிலிருந்து ஆட்கள் வந்தால் எடுப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, பிள்ளையார்பட்டி என்று நாலைந்து நடை, அப்புறம் மறுபடி தார்ப்பாய். எங்கள் 2003 மாருதி 800-உம் அப்படித்தான். போன மாதம் ஸ்டார்ட் செய்தால் டிராக்டர் மாதிரி சத்தம். "ஓடாத காருக்கு சைலன்சர் எப்படிப்பா அரிக்கும்?" என்று அப்பச்சி கேட்டார்கள்.

ஓடாததால்தான் அரிக்கிறது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் போய்விடும். ஊருக்குள்ளேயே செக்காலை ரோடு வரை போய்த் திரும்பினால் போகாது. புகையில் உள்ள அமிலத்தோடு கலந்து சைலன்சர் டப்பாவின் அடியில் தேங்கி, உள்ளேயிருந்தே தின்னும். பின் டப்பா அதிகம் சூடேறாது என்பதால் பெரும்பாலும் அதுதான் முதலில் போகிறது.

எந்த வழி மலிவு என்பதை ஓட்டை இருக்கும் இடம்தான் சொல்லும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் பின்குழாயை ஈரத்துணியால் சில நொடி அடைத்தால், கசியும் இடத்தில் 'புஸ்' என்று கேட்கும். அந்த இடத்தைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் தகடு திடம். பொத்தென்றால் உள்ளே துருதான்.

பேஸ்ட், பேண்டேஜ் சுற்றுவது இருப்பதிலேயே மலிவு. சைலன்சருக்கென்றே விற்கும் சூடு தாங்கும் பேஸ்ட்டாக இருக்க வேண்டும். வீட்டுக் குழாய்க்குப் போடும் எபாக்ஸி நிற்காது. மதுரை போய்ச் சேர்வதற்கு இது சரி. இதைப் பழுது பார்த்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெல்டிங் பேட்ச் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், நம் ஊரில் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். குழாயில் ஒரு ஓட்டை, சுற்றிலும் தகடு கெட்டி என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. சில நூறு ரூபாயில் முடியும், வருடக்கணக்கில் நிற்கும். டப்பாவில் போட்டால் கதை வேறு. எங்கள் டப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் 400 ரூபாய் கொடுத்துப் பேட்ச் போட்டோம். ஒட்டு அப்படியே இருக்கிறது, அதன் ஓரத்தில் புதிதாக இரண்டு ஓட்டை. மெலிந்த தகட்டில் வெல்டிங் சூடு பட்டால் பக்கத்துத் தகடும் போய்விடுகிறது. பேட்ச் போடுவதானால் சைலன்சரைக் கழற்றிப் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் பொறி பறப்பது ஆபத்து. காரோடு சேர்த்துத்தான் வெல்டிங் என்றால் பேட்டரி ஒயரையாவது கழற்றச் சொல்லுங்கள்.

பழைய சாமான் கடையில், புதுப்பேட்டை மாதிரி இடங்களில், இன்னொரு 800-இலிருந்து கழற்றியது கிடைக்கும். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. அதுவும் உள்ளிருந்து அரித்த டப்பாதானே, வெளியே பெயின்ட் அடித்திருந்தால் என்ன தெரியும்?

மிச்சம் இருப்பது புது டப்பா. 800 உற்பத்தி 2014-இல் நின்றாலும் உதிரி பாகம் கிடைக்கிறது. லோக்கல் கம்பெனி டப்பாவில் தகடு கொஞ்சம் மெலிசு, தொங்கும் கொக்கி சில சமயம் அரை அங்குலம் தள்ளி இருக்கும், மெக்கானிக் வளைத்துப் பொருத்துவார். ஒரிஜினல் நேராக உட்காரும், அதிக நாள் உழைக்கும், விலையும் அதற்கேற்ப. தினமும் ஓடும் காருக்கு ஒரிஜினல்தான் கடைசியில் மலிவு. எங்கள் காரின் எஃப்.சி. (தகுதிச் சான்று) 2028 வரை. அதுவரை லோக்கல் டப்பா தாங்கினால் போதும் என்று அதையே போட்டோம். கூடவே கேஸ்கெட் (இணைப்பில் கசிவை அடைக்கும் வளையம்), ரப்பர், கிளாம்ப் எல்லாம் புதிது. பழைய ரப்பரில் தொங்கவிட்டால் டப்பா ஆடி ஆடிக் குழாய் ஒட்டுமிடத்தில் விரியும்.

ஓட்டை முன்பக்கத்தில், உட்காரும் இடத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் காசு பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தரையில் சின்ன ஓட்டை இருந்தாலே உள்ளே வரும். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பின்சீட்டில் தூங்க வைக்கிறோம். தலைவலி, குமட்டல் என்றால் பயணக் களைப்பு என்று விட்டுவிடுவோம். அந்தக் காரை, சரிசெய்யும் வரை எடுக்கவே கூடாது. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று புகையைப் பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சார் தப்பாகக் காட்டும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

முன்குழாய் வேலையில் "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துட்டு வெறும் பைப் போட்டுடலாம்ணே, செலவு மிச்சம்" என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். புகையின் நச்சைக் குறைப்பதே அந்தக் கன்வெர்ட்டர்தான். அது இல்லாவிட்டால் கார் புகைச் சோதனையில் தேறாமல் போகலாம், நம் தெருவே அந்தப் புகையைச் சுவாசிக்கும். கன்வெர்ட்டர் நிஜமாகவே கெட்டுப்போய் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, அதற்கென்று தனியாக விலை உண்டு.

புது டப்பா போட்ட அன்றே ஒரே மூச்சில் புதுக்கோட்டை போய் வந்தோம். வந்து, ஆறிய பிறகு கிளாம்ப் போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கினோம், அரைத் திருகு இடம் கொடுத்தது.