மலைப் பாதையில் ஒன்பது வருடங்கள்: பஜாஜ் சி.டி. 100 பயன்பாட்டு அனுபவம்

2016 இல் லீசிங்கில் எடுத்த என் பஜாஜ் சி.டி. 100 மோட்டார் சைக்கிளின் மீற்றர், ஒன்பது வருடங்களில் 81,000 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கிறது. இலங்கை மலையகத்தில், கொட்டகலையிலிருந்து தலவாக்கலை வழியாக, லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போய் வருவதே அதன் அன்றாட வேலை. இடையிடையே நுவரெலியாவுக்கும், வருடத்தில் ஓரிரு தடவை கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கும் போயிருக்கிறது. சமதரையில் ஓட்டுபவர்கள் உச்ச வேகத்தையும் இழுவையையும் வைத்து வண்டிகளை ஒப்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் வண்டியின் குணம் இறக்கத்தில்தான் தெரியும் என்பது என் கணிப்பு.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 100 சிசி, நான்கு கியர். தனியாகப் போனால் குறை சொல்ல முடியாது. பின்னால் மனைவியும் டேங்கின் மேல் அரிசிப் பையும் இருந்தால் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும், ஆனால் ஏறிவிடும். முன்னால் போகும் தனியார் பஸ்ஸை முந்தும் எண்ணத்தை மட்டும் கைவிட வேண்டும்.

2018 இல் தம்பி கட்டாருக்குப் போனபோது தன் 150 சிசி வண்டியை என்னிடம் விட்டுப் போனான். ஒன்றரை வருடம் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த வண்டிக்காரர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள், பேச்சும் வேறு பக்கம் போய்விடும். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் கொழும்பில் சரிசெய்யப்பட்ட அந்த வண்டி அங்கே அம்புபோலப் பாய்ந்தது, நானுஓயாவைத் தாண்டியதும் இருமத் தொடங்கியது. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தும் பெற்றோல் குறையாமல் போவதால் கலவை கெட்டியாகிறது, வலுவும் விழுகிறது. சி.டி. 100 இலும் கார்புரேட்டர்தான், ஆனால் அது ஆரம்பத்திலிருந்தே தலவாக்கலைக் காற்றுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது. கார்புரேட்டருக்குப் பதிலாக, காற்றுக்கேற்பப் பெற்றோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் உள்ள வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. சக ஆசிரியர் ஒருவரின் 149 சிசி யமஹா எஃப்.இசட். எந்த உயரத்திலும் ஒரே சீராக ஓடுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

இனி இறக்கம். என் வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் ப்ரேக். நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும் என்பது தெரிந்ததே. தெரிந்தும் ஒரு முறை பாடம் படித்தேன். 2019 ஜூன் மாதம், தென்மேல் பருவ மழை. நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியில் மூன்றாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பனிமூட்டத்தில் முன்னால் பத்து அடிக்கு மேல் தெரியவில்லை. கால் மிதியில் தொய்வு தெரிந்த அதே நேரம் கருகிய வாடை மூக்கில் ஏறியது. இரண்டாம் கியருக்கும் பிறகு முதலாம் கியருக்கும் இறக்கி, என்ஜின் அலற அலற, தேயிலை மலையோரக் கானில் முன்சில்லை இறக்கித்தான் நிறுத்த முடிந்தது. முழங்கையில் சிராய்ப்பு, முன்விளக்கு உடைந்தது. அதோடு போயிற்று.

தலவாக்கலையில் என் மெக்கானிக் பின்சில்லைக் கழற்றி, ப்ரேக் சூவைக் கையில் எடுத்து நகத்தால் நெம்பினார். லைனிங் அலுமினியத்திலிருந்து பிரிந்து தனியே வந்தது. “சேர், இது ப்ரேக் இல்ல, பிஸ்கட். எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். ஒரு டவுன் கடையில் “ஒரிஜினல் மாதிரியே” என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்ததை நானே வாங்கி மாட்டியிருந்தேன். வண்டியைக் குறை சொல்ல வாய் திறக்க முடியவில்லை. அன்றே அவர் இன்னொரு வேலையும் செய்தார்: செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ரொக்கெட்டை ஒரு பல் குறைந்ததாக மாற்றினார். உச்ச வேகம் கொஞ்சம் போயிற்று. அதற்குப் பதிலாக ஏற்றத்தில் முனகல் குறைந்தது, இறக்கத்தில் அக்சலரேட்டரை விட்டதும் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த ஒன்பது வருடங்களில் செய்த செலவுகளில் இதைப்போலப் பலன் தந்தது வேறில்லை.

பிராண்ட் பற்றுக்கு வருகிறேன். மாமா ஹொண்டாவைத் தவிர வேறெதையும் வண்டி என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். ஜப்பான் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட, கையில் கிளட்ச் இல்லாத எம்.டி. 90 ஒன்றை அவர் இன்றும் ஓட்டுகிறார். ஹீரோவும் ஹொண்டாவும் பிரிந்து 2011 இலேயே பெயர் மாறிவிட்டாலும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் இன்னும் “ஹீரோ ஹொண்டா” என்றுதான் சொல்கிறார்கள். இளைஞர்கள் பல்சர், எஃப்.இசட். என்று இரண்டு கட்சி. இந்தப் பற்றில் பாதி, பக்கத்தில் எந்த வண்டியின் சாமான் கிடைக்கிறது, யாருடைய கை அதற்குப் பழகியிருக்கிறது என்பதிலிருந்து வருவது என்றே நினைக்கிறேன். என் மெக்கானிக் வேறு ஊருக்குப் போனால் என் பஜாஜ் பற்று எத்தனை மாதம் தாங்கும் என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் 2022 இல் கிடைத்த நன்மை வண்டியுடையதே. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்குப்படி பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். மலையிலும் லீற்றருக்கு 55 கிலோமீற்றர் கொடுத்த சி.டி. 100 எனக்கு வாரம் 220 கிலோமீற்றரைத் தந்தது. தம்பியின் வண்டி 35 தான் கொடுக்கும், ஆகவே 140. பாடசாலைக்குப் போய் வந்த பிறகும் எனக்கு மிஞ்சியது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறியதால், நான் வாங்கிய விலைக்கு மேலே கொடுக்கவும் ஆள் வந்தது. விற்கவில்லை.

இருக்கும் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முன்விளக்கு வெளிச்சம் பனிமூட்டத்துக்குப் போதாது. மழைக்காலத்தில் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடாவிட்டால் இறுகிவிடும். செயின் செட் இது மூன்றாவது. 150 சிசி சீட்டில் உட்கார்ந்து பழகியவருக்கு இதன் சீட் அரை மணி நேரத்தில் வலி தரும். சில வாரங்களாக வட்டகொடை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறது. என்ஜின் கத்துகிறது, வேகம் ஏறுவதில்லை. ப்ளேட் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். இம்முறை சாமானை என்னை வாங்கவிடாமல், அவரே வாங்கி டப்பாவோடு எடுத்து வைத்திருக்கிறார்.