பலம் குறைந்த அணிக்கு எது சரி: அடைத்து ஆடுவதா, ஏறி மறிப்பதா?

நாக்-அவுட் கால்பந்துக் கோப்பைப் போட்டியில் உங்களைவிடப் பல மடங்கு பலமான அணி வந்து நிற்கிறது. வழி இரண்டுதான்: சொந்தப் பாதியில் ஆளை நிறுத்திக் கோலை அடைப்பது, அல்லது எதிரணியின் பெனால்டி ஏரியா வரை ஏறிப்போய்ப் பந்தை மறிப்பது.

ஏறி மறிப்பது பார்க்க அழகு. முதல் கால் மணி நேரம் எதிரணி திணறவும் செய்யும். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் இரண்டு நாள் மட்டும் பயிற்சி எடுக்கும் கால்கள் 90 நிமிடம் அந்த ஓட்டத்தைத் தாங்காது. ஒருவர் தாமதமாக வந்தால் போதும், டிஃபென்டர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் திறந்து கிடக்கும்.

என் ஓட்டு அடைத்து ஆடுவதற்கே. நான்கு நான்கு பேராக இரண்டு வரிசை, நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இதிலும் வலி உண்டு. பந்தை வெறுமனே தூக்கி அடித்தால் பத்தே நொடியில் திரும்பி வரும். முன்னால் நிற்கும் ஒற்றை ஆள் அதை நெஞ்சில் வாங்கி, முதுகில் ஒருவரைச் சுமந்தபடி ஒரு ஃபௌலாவது வாங்கித் தர வேண்டும். எழுபதாவது நிமிடத்தில் முழங்காலில் கைவைத்துக் குனிந்து நிற்கும் லெஃப்ட் பேக்குக்கு (இடப்பக்க டிஃபென்டருக்கு) அந்த ஃபௌலில் ஆட்டம் நிற்கும் அரை நிமிடம்தான் மூச்சு.

பலம் குறைந்த அணியும் வெகுதூரம் போகலாம்: 2000இல் பிரான்ஸின் நான்காம் நிலை லீக்கில் ஆடிய கலே அணி பிரெஞ்சுக் கோப்பை இறுதிவரை போனது. முதல் கோலும் அவர்களுடையதே. கடைசி நிமிட பெனால்டியில்தான் முதல் நிலை லீக் அணியான நாந்த்திடம் 2-1 எனத் தோற்றார்கள்.