கிளையை மட்டும் தெளிவாக எடுக்கும் கேமரா

ஜூம் சிக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போன கேமரா போன வாரம்தான் வீடு வந்தது. பில்லைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, புதிதாகப் பறவை பார்க்கக் கிளம்பியிருக்கும் நண்பர் கேட்டார்: "அதே மாடல் செகண்ட் ஹேண்டில் மலிவா வருது சார், வாங்கலாமா?"

லென்ஸைக் கழற்ற முடியாத, 60 மடங்கு ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா. மற்ற விவரமெல்லாம் கடைக்காரரே ஒப்பிப்பார். அவர் சொல்லாத ஒன்று, ஃபோகஸ்.

புதருக்குள் பறவை, அதற்கு முன்னால் ஈர்க்குச்சி கனத்தில் ஒரு கிளை. ஃபோகஸ் எங்கே என்று திரையில் காட்டும் பச்சைக் கட்டம் பறவையின் நெஞ்சில்தான் விழும், 'பீப்' என்று சத்தமும் வரும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் கிளையில் ஊரும் எறும்பு வரை தெரியும். பின்னால் பச்சையும் சிவப்புமாக ஒரு கறை. அந்தக் கறைதான் ஆறுமணிக் குருவி! வலசை வரும் வழியில் அக்டோபரில் சென்னைத் தோட்டங்களில் வந்து இறங்குமே, அதே பறவை. என் எதிரில் சாவகாசமாகச் சருகைப் புரட்டிக்கொண்டு நின்றது. நானும் விடாமல் அழுத்தினேன். அத்தனையிலும் கிளை.

காரணம் புரியாமல் இல்லை. இந்த வகைக் கேமரா ஒளி இருள் வேறுபாட்டை வைத்துத்தான் ஃபோகஸ் தேடுகிறது. வெயில் பட்ட குச்சி, நிழலில் நிற்கும் பறவையை எப்போதும் ஜெயித்துவிடும். கையால் ஃபோகஸ் பண்ணலாம் என்றால் லென்ஸில் வளையம் இல்லை. மெனுவுக்குள் போய்ச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அதற்குள் கதிர்க்குருவி அடுத்த தெருவில் இருக்கும். போதாக்குறைக்குப் படத்தைப் பதிக்கும் சென்சார் குட்டி, 1/2.3 அங்குலம். மரநிழலில் வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளியுணர்வு அளவு 800-ஐத் தாண்டினால் இறகெல்லாம் களிமண் அப்பினாற்போல் ஆகிவிடுகிறது.

ஆனால் இதே கேமராவைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். திறந்த நீர்வெளி, குறுக்கே கிளை கிடையாது, காலை வெயில். தூரத்தில் வெள்ளைப் பொட்டாக நிற்கும் கொக்கைக் கண்ணருகே கொண்டுவந்துவிடும். பெரிய கொக்கா, நடுத்தரக் கொக்கா என்று பறவை பார்க்கும் குழுவில் மணிக்கணக்காகச் சண்டை போடுவோம். இப்போது படத்தில் வாய்க்கோட்டை, அதாவது அலகு பிளவுபடும் கோடு முகத்தில் எதுவரை போகிறது என்று பார்த்தால் போதும். கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரியது, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். பட்டாணி உப்புக்கொத்தி என்ற சின்னக் கரைப்பறவையின் கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையத்தை பைனாகுலரில் ஊகித்துத்தான் பழக்கம். திரையில் அது பளிச்சென்று தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் அழகாக இருக்காது, பரிசுக்கெல்லாம் ஆகாது. பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் ஏற்றி இடத்தையும் தேதியையும் கொடுத்தால் பெயர் சொல்வதற்கு அது தாராளம். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தின் பட்டியலில் அபூர்வமான பறவையைப் போட்டால் ஆதாரம் கேட்பார்கள், அதற்கும் போதும். வெயில் ஏறிய பிறகு கானல் அலையில் எல்லாம் நெளியும். அந்தப் பழியைக் கேமரா மேல் போட மாட்டேன், லட்ச ரூபாய் லென்ஸிலும் அது நெளியத்தான் செய்யும்.

எடையும் பெரிய குறை இல்லை. முக்காலி, முதுகுப் பை எதுவுமின்றி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போய்விடலாம்.

நண்பர் வீடு ஏரிக்கரையில். காடு, புதர்ப் பக்கம் போகிற ஆளும் இல்லை. கணக்குப் போட்டால் 'வாங்குங்க' என்றுதான் வரும். ஆனாலும் வேண்டாம் என்றே சொன்னேன். ஜூம் மோட்டாருக்கு இவ்வளவு பணம் அழுத கையோடு இன்னொருவரை அதே குழியில் தள்ள மனசு வரவில்லை. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

அவர் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை, தெரியும். அதனால் ஒன்று: பணம் கொடுக்கும் முன் ஜூமை முழுக்க நீட்டி, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். சாம்பல் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. அப்புறம் நீட்டிச் சுருக்கி நாலைந்து முறை காதருகே வைத்துக் கேளுங்கள். 'கரகர' என்றால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.