எஸ்ஆர் மலிவுதான், ஆனாலும் என் ஓட்டு எல்ஆருக்கே

இரண்டு கட்டடங்களுக்கு இடையே 10 ஜிகாபிட் இணைப்பு தேவை. நெட்வொர்க் சுவிட்சில் செருக எந்த எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூலை (மின் சிக்னலை ஒளியாக்கி ஃபைபர் கேபிளில் அனுப்பும் சிறு கருவி) வாங்குவது? போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள்தான்: மல்டிமோட் ஃபைபருக்கான எஸ்ஆர், சிங்கிள் மோட் ஃபைபருக்கான எல்ஆர். எங்கள் கல்லூரி வளாகத்துக்கு நான் எல்ஆரை வாங்கச் சொன்னேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

எஸ்ஆர் 850 நானோமீட்டர் ஒளியில் இயங்குகிறது. அதன் லேசரைத் தயாரிக்கச் செலவு குறைவு என்பதால் மாட்யூலின் விலையும் குறைவு. ஒரே அறைக்குள் ரேக்கிலிருந்து ரேக்குக்குப் போக அது தாராளமாகப் போதும்.

கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் கணக்கு மாறுகிறது. மாட்யூலை, சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி வேறொன்றைச் செருகிவிடலாம். மண்ணைத் தோண்டிக் குழாய்க்குள் இழுத்த கேபிளை அப்படி மாற்ற முடியுமா? ஓஎம்3 என்ற வகை மல்டிமோட் கேபிளில் 10ஜி எஸ்ஆர் 300 மீட்டர் போகும். அதே கேபிளில் 25ஜி எஸ்ஆர் 70 மீட்டரோடு நின்றுவிடும். 100ஜி எஸ்ஆர்4-க்கும் அதே 70 மீட்டர்தான். அதோடு எட்டு கோர், அதாவது எட்டு ஃபைபர் இழைகள், வேண்டும். எங்கள் கேபிள் செல்லும் வழி 200 மீட்டருக்குச் சற்று மேல். மல்டிமோட் போட்டிருந்தால், வேகத்தைக் கூட்ட நினைக்கும் அன்றே மறுபடி மண்வெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும். சிங்கிள் மோடில் அந்தக் கவலை இல்லை. 10ஜி எல்ஆர், 25ஜி எல்ஆர், 100ஜி எல்ஆர்4 மூன்றுமே அதே இரண்டு கோர்களில் 10 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியவை. மாட்யூலில் மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு முறை பள்ளம் தோண்டும் கூலிக்குக்கூடக் காணாது.

'10 கிலோமீட்டர் லேசரை 200 மீட்டரில் போட்டால் எதிர்முனை கருகிவிடாதா?' என்று பலர் கேட்கிறார்கள். கருகாது. 10ஜி எல்ஆர் அனுப்பும் ஒளியின் உச்ச வரம்பு 0.5 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு); ஏற்கும் உச்ச வரம்பும் அதுவே. 40 கிலோமீட்டர் செல்லும் ஈஆரைக் குறுகிய தூரத்தில் போட்டால்தான் இடையே ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வேண்டும்.

எல்ஆருக்குப் பராமரிப்பில் கூடுதல் கவனம் தேவை. சிங்கிள் மோடில் ஒளி செல்லும் பாதை சுமார் 9 மைக்ரான் அகலமே, மல்டிமோடில் 50. எல்சி கனெக்டரின் முனையில் ஒட்டும் ஒரு தூசியே பாதையை மறைத்துவிடும். எங்கள் சுவிட்ச் காட்டும் ஏற்பு அளவு, அதாவது வந்து சேரும் ஒளியின் வலிமை, வழக்கமாக மைனஸ் 4 டிபிஎம் அளவில் இருக்கும். ஒருமுறை அது மங்கி மைனஸ் 12-ஐ நெருங்கியது. மைனஸ் 14.4 வரை தாங்கும் என்பதால் இணைப்பு அறுந்துவிடவில்லை. சுவிட்சில் செருகும் சிறு கேபிளான பேட்ச் கார்டைக் கழற்றிக் கிளீனர் பேனாவால் முனையைத் துடைத்துச் செருகியதும் அளவு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த அளவை மாதம் ஒருமுறையாவது குறித்துவைக்கச் சொல்வேன்.

ஒரே கோரில் இருவழியும் போகும் பைடியை ஓர் இணைப்பில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். இதுவரை தொல்லை இல்லை; நீண்ட காலத்துக்கு உத்தரவாதம் சொல்லும் அளவுக்கு அனுபவமும் இல்லை. கோர் பற்றாக்குறை இருந்தால் வாங்கலாம். ஆனால் ஜோடியாக வாங்க வேண்டும்: ஒருமுனை 1270 நானோமீட்டரில் அனுப்பினால் மறுமுனை 1330-இல் அனுப்புவதாக இருக்க வேண்டும். மாற்று மாட்யூல் இருப்பு வைக்கும்போதும் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று தேவைப்படும்.