இறுகிப்போன எஞ்சின் போல்ட்: எண்ணெயா, அடியா, சூடா?

வாடைக்காற்று தொடங்கினால் திருகோணமலையில் திருக்கடலூரிலும் உப்புவெளியிலும் சின்னப் படகுகள் கரையேறிவிடும். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்ட் எஞ்சினைப் பிரித்து இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் சக்கரம்), தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு), அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் தகடு எல்லாம் பார்க்க அதுதான் வசதியான காலம். ஆனால் பிரிக்கத் தொடங்கியதுமே ஏதாவது ஒரு போல்ட் அசையமாட்டேன் என்று நிற்கும். அந்த நேரத்தில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லா வழிக்கும் ஒரே மதிப்பு இல்லை. அலுமினிய உடலில் இறுகிய போல்ட்டுக்குச் சூடுதான் முதல் மருந்து என்பது என் உறுதியான எண்ணம். எண்ணெய் அதற்குத் துணை மட்டுமே.

காரணம் இறுக்கத்தின் தன்மையில் இருக்கிறது. எஞ்சின் உடல் அலுமினியம், போல்ட் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் உருக்கு. இரண்டுக்கும் நடுவே உப்புத்தண்ணீர் நின்றால் ஒரு சின்ன மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். போல்ட் தலையைச் சுற்றிப் பூக்கும் வெள்ளைத் தூள் அதன் விளைவுதான். அந்தத் தூள் கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் மரைகளின் இடுக்கில் ஊதி, போல்ட்டை நெரித்துப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது எண்ணெயை எடுத்துக்கொள்வோம். எல்லோர் கையிலும் முதலில் வருவது டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே. 1953இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியவர்களின் நோக்கம் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பது. பெயரே அதைத்தான் குறிக்கிறது: தண்ணீரை விலக்குவதற்கான நாற்பதாவது கலவை. அதை மோசமானது என்று சொல்லவில்லை. ஆனால் இறுகிய மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய்கள் தனியாகக் கிடைக்கின்றன, அவை மேல். இரும்போடு இரும்பு துருப்பிடித்த இடத்தில், உதாரணமாகப் படகு ட்ரெய்லரின் நட்டுகளில், எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தால் நல்ல பலன் உண்டு. வெள்ளைத் தூள் அடைத்த மரையில் எண்ணெய் போக வழியே இல்லை, மேல் மரைகளை நனைத்துவிட்டு நின்றுவிடும். அசெட்டோனையும் கியர் எண்ணெயையும் கலந்து விடுபவர்களும் இருக்கிறார்கள். அது பெயின்ட்டைத் தின்னும், எளிதில் தீப்பிடிக்கும். எஞ்சின் பக்கத்தில் எனக்கு அது வேண்டாம்.

அடி என்றால் கையால் அடிக்கும் இம்பாக்ட் ட்ரைவரைச் சொல்கிறேன். பின்பக்கம் சுத்தியலால் அடித்தால் அந்த வேகத்தில் ஒரு பகுதி நுனியைத் தலைக்குள் அழுத்தும், மீதி திருப்பும். கியர் எண்ணெய் வடிக்கும் பெரிய கீறல் தலை ஸ்குரூவுக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. தலை சிதையாமல் கழன்று வரும். ஆனால் தெர்மோஸ்டாட் மூடி போன்ற மெல்லிய வார்ப்பு இடங்களில் அடிக்க வேண்டாம், போல்ட் நுழையும் காது உடைந்தால் போல்ட்டைவிடப் பெரிய செலவு. பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சும் அப்படித்தான். குறைந்த வேகத்தில் வைத்தால் உதவும், முழு வேகத்தில் விட்டால் 6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கரையில் ஓடும் எஞ்சின்களில் ஏராளமானவை ஜப்பான் தயாரிப்பு. அவற்றின் கூட்டல் குறித் தலைகள் ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். அளவில் இருக்கும். தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ ட்ரைவரைப் போட்டால் முழுதாக உட்காராது, திருப்பும்போது மேலே ஏறித் தலையை வழித்துவிடும். "இறுகிவிட்டது" என்று கைவிடப்பட்ட ஸ்குரூக்களில் பல உண்மையில் தலை வழிந்தவைதான். ஜே.ஐ.எஸ். நுனி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

சரி, சூடு. 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டர் நீள அலுமினியம் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் 1.7, சாதாரண உருக்கு 1.2. ஓட்டை போல்ட்டைவிடக் கூடுதலாக விரிகிறது என்பதே இதன் பொருள். 8 மில்லிமீட்டர் ஓட்டையில் அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் வெள்ளைத் தூளின் பிடி நொறுங்க அது போதும். அதனால் போல்ட் தலையையல்ல, அதைச் சுற்றியுள்ள உடலைச் சூடாக்குங்கள். தலையை மட்டும் சூடாக்கினால் போல்ட்தான் முதலில் பருக்கும். சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும், ஒரே இழுப்பில் அல்ல. கழலாமல் இருக்க மரையில் பசை போட்டு இறுக்கிய ஸ்குரூவாக இருந்தாலும் சூடே வழி. சிவப்புப் பசை இளக 250 பாகை அளவுக்குச் சூடு தேவைப்படும்.

சுடுகாற்று ஊதும் ஹீட் கன் பாதுகாப்பானது, மெதுவானது. காஸ் டோர்ச் வேகமானது, ஆனால் அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும் (தூய அலுமினியம் 660 பாகையில், எஞ்சின் வார்ப்புக் கலவை அதற்கும் முன்பே), கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. சுடரை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். பெற்றோல் டாங்கியும் குழாயும் முற்றத்துக்கு வெளியே போகட்டும். மண்ணெண்ணெய் எஞ்சினானாலும் ஸ்டார்ட் செய்வது பெற்றோலில்தான், மறக்க வேண்டாம். ஊற்றிய எண்ணெயையும் துடைத்துவிட்டே சுடர் பிடியுங்கள். உள்ளே ரப்பர் சீல் இருந்தால் அது போய்விட்டதென்றே வைத்துப் புதிது போடுங்கள்.

தலை முறிந்துவிட்டால் பதறாதீர்கள். மூடியைத் தூக்கியதும் அழுத்தம் விட்டுப்போகும், மிச்சக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சூடும் வைஸ் கிரிப் என்ற கவ்விப் பூட்டும் குறடும் போதும். உடலோடு மட்டமாக முறிந்திருந்தால் இரண்டு வழி. ஈசி அவுட் என்ற எக்ஸ்ட்ராக்டரை நான் விரும்புவதில்லை. அது மிகக் கடினமான உருக்கு, நொறுங்கும் தன்மையுள்ளது. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கி ஓடும். கட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் செய்வது பல மடங்கு மேல்: புதுத் தலையும் கிடைக்கும், வெல்டிங் சூடு மரையையும் இளக்கும். கைப்பழக்கம் உள்ள வெல்டரிடம் கொடுங்கள். முதலில் பேட்டரி வயரையும் சி.டி.ஐ. யூனிட்டையும் (தீப்பொறி தரும் மின்னணுப் பெட்டி) கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மின்னோட்டம் அதைச் சுட்டுவிடும். எதுவும் சரிவராவிட்டால் நடுவில் துளைத்து, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பி மரைச் சுருள் போடலாம். சரியாகப் போட்டால் அது அலுமினிய மரையைவிடத் தேய்மானம் தாங்கும்.

மாட்டும்போது பழைய வெள்ளைத் தூளை மரைகளிலிருந்து முழுதாகத் துலக்குங்கள். போல்ட் இறுகாமல் இருக்கப் பூசும் செம்பு கலந்த பசையை அலுமினியத்துக்குப் பூச வேண்டாம், அது அரிப்பைக் கூட்டும். உப்புத்தண்ணீர் தாங்கும் கடல் கிரீஸ் மெல்லியதாகப் பூசினாலே போதும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம், கிரீஸ் பூசியிருந்தால் அதிலும் சற்றுக் குறைவாக.