ஹெட் கழற்றிப் பூட்டிய கொரோலா 121: மிஸ்ஸிங்கும் ஒயில் லைட்டும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து கொழும்பில் பழைய கார் வைத்திருந்த பலருக்கும் இருந்தது ஒரே வழிதான்: உள்ளதைத் திருத்தி ஓட்டுவது. என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121. 1497 சிசி, 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின், டைமிங் செயின், விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு). நேரத்துக்கு ஒயில் மாற்றி, கூலன்ட்டைக் கவனித்தால் இந்த எஞ்சின் உழைத்துக்கொண்டே இருக்கும். அந்த விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. தொல்லையெல்லாம் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பூட்டிய பிறகு வந்ததுதான்.

வோட்டர் பம்ப் ஒழுகி, காலி வீதி நெரிசலில் எஞ்சின் சூடேறி, ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கஸ்கட் போய்விட்டது. ஒயிலில் தண்ணீர் கலந்து டிப் ஸ்டிக்கில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒட்டியது. கராஜில் ஹெட்டை ஸ்கிம் பண்ணி (அடிப்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்தி), புதுக் கஸ்கட் போட்டு, டைமிங் கவரைத் திரும்ப ஒட்டினார்கள். கீழே இருக்கும் ஒயில் தட்டான சம்ப்பையும் இறக்கிக் கழுவிப் பூட்டினார்கள். கராஜின் பெயர் வேண்டாம். ஹெட் வேலையைக் குறை சொல்ல முடியாது, இன்றுவரை கூலன்ட் குறைவதில்லை.

ஆனால் கார் கைக்கு வந்த வாரமே இரண்டு பிரச்சினை. ஐட்லிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) எஞ்சின் உதறியது, மிஸ்ஸிங் என்பது இதைத்தான்; செக் எஞ்சின் லைட்டும் பற்றியது. அடுத்தது, பேலியகொடையில் ஏறி கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 100ஐத் தொடும்போது சிவப்பு ஒயில் லைட் மினுங்கியது. வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடும். டிப் ஸ்டிக்கில் ஒயில் மட்டம் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சிவப்பு லைட் ஒயிலின் அளவைப் பார்த்துப் பற்றுவதில்லை, பிரஷரைப் பார்த்துப் பற்றுவது. பெரும்பாலான கார்களில் பிரஷர் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும். அது மினுங்கும்போது "பிறகு பார்ப்போம்" என்று ஓட்டுவது எஞ்சினை விலைபேசுகிற வேலை.

திரும்பக் கொண்டுபோனபோது கராஜில் வழக்கமான வைத்தியம் நடந்தது. முதலில் பிரஷர் சுவிட்ச் மாற்றினார்கள். அப்புறம் பிளக், கொயில். கடைசியில் 10டபிள்யூ-30க்குப் பதிலாக 20டபிள்யூ-50 ஒயில். சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் தேய்ந்த எஞ்சினில் தடித்த ஒயில் லைட்டைக் கொஞ்ச நாள் அடக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு இருந்தால் தடித்த ஒயிலை இழுக்க அது இன்னும் திணறும். என் காரில் நடந்ததும் அதுதான். முன்பு 100இல் வந்த லைட் இப்போது 80இலேயே வந்தது.

நண்பர் ஒருவர் மாளிகாவத்தையில் இருக்கும் ஒரு மெக்கானிக் நானாவிடம் அனுப்பிவைத்தார். பொனட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்டது, "தம்பி, லைட் எங்க வெச்சுப் பத்துது? சிக்னல்லயா, ஓட்டத்துலயா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

பெயரிங் தேய்மானம் என்றால் எஞ்சின் சூடாகி, ஐட்லிங்கில் நிற்கும்போது பிரஷர் விழும்; ரேஸ் பண்ணினால் ஏறிவிடும். பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையான ஒயில் ஸ்ட்ரெயினர் அடைத்திருந்தால் நிலைமை தலைகீழ். மெதுவாக ஓடும்வரை தேவையான ஒயில் வரும், வேகம் கூடக்கூடப் பம்புக்குப் போதாமல் போகும். காரை நிறுத்தி வைத்தால் வலையில் ஒட்டியது கழன்று கீழே விழும், மறுநாள் காலையில் எல்லாம் சரியானது போலவே இருக்கும்.

சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் அளக்கும் மெக்கானிக்கல் கேஜைப் பூட்டினார். சூடான எஞ்சினில் ஐட்லிங்கில் 15 பிஎஸ்ஐ, 2000 ஆர்பிஎம்மில் 30க்குக் கிட்ட. 3000ஐத் தாண்டியதும் ஊசி நடுங்கி இறங்கத் தொடங்கியது. ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. சம்ப்பை இறக்கினோம்.

ஸ்ட்ரெயினர் வலையில் பாதிக்கு மேல் சாம்பல் நிறச் சிலிகான் துண்டுகள். சில நூலாக நீண்டிருந்தன, சில 5 மில்லிமீட்டர் அளவுக் கட்டிகள். விரலால் நசுக்கினால் ரப்பர் மாதிரி திரும்பி எழும்பியது. இந்த எஞ்சினில் டைமிங் கவருக்கும் சம்ப்புக்கும் சிலிகான் பசையான சீலன்ட்தான் பூசுவது. 3, 4 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு கோடு இழுத்தால் போதும். அள்ளிப் பூசினால் இறுக்கும்போது மிச்சம் உள்ளே பிதுங்கும், சூட்டில் பிய்ந்து ஒயிலோடு போகும். சம்ப் விளிம்பில் வெளியே எவ்வளவு பிதுங்கி நிற்கிறதோ, உள்ளேயும் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் குனிந்து அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிஸ்ஸிங் விஷயத்துக்கு வருவோம். உண்மையில் அது இரண்டு மிஸ்ஸிங். ஸ்கேனரில் பி0300 (பொதுவான மிஸ்ஸிங்), பி0303 (மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங்) இரண்டோடு பி1349ம் கிடந்தது. பி1349 விவிடி-ஐக்கான கோட். ஒயில் பிரஷரைக் கொண்டுதான் விவிடி-ஐ, காற்று வால்வுகளைத் திறக்கும் தண்டான இன்டேக் கேமைத் திருப்புகிறது. பிரஷர் தளர்ந்தால் ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) கேட்கும் இடத்துக்குக் கேம் போய்ச் சேராது, நடுத்தர வேகத்தில் இழுவை அறுந்து அறுந்து வரும். ஸ்ட்ரெயினரைக் கழுவி, ஒயிலையும் பில்டரையும் மாற்றியதும் பி1349 போய்விட்டது. ஓட்டத்தில் வந்த உதறலும் அதோடு நின்றது.

மிச்சமிருந்தது மூன்றாம் சிலிண்டர். நானா மூன்றாவது கொயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டார். கொயிலில் பிழை இருந்தால் கோட் பி0302 ஆக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பிளக்கையும் அப்படியே இடம் மாற்றினார், அதற்கும் அசையவில்லை. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஐட்லிங்கில் மட்டும் உதறி, ரேஸ் பண்ணினால் சரியாகிறது என்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது என்று சொல்லி, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிபோல்ட் ஓரமாகக் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடித்தார். மூன்றாவது போர்ட் அருகில் அடித்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. (இது தீப்பற்றும் சாமான். சூடான எக்ஸோஸ்ட் பக்கம் போகக் கூடாது, வீட்டில் விளையாட வேண்டாம்.) கழற்றிப் பார்த்தால் மேனிபோல்ட் கஸ்கட்டின் விளிம்பு மடிந்து நசுங்கியிருந்தது. மொத்தத் திருத்தத்தில் மிக மலிவான சாமான் அதுதான். உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் கையோடு வாங்கிவிட்டோம். முன்பு மாற்றிய கொயில்களுக்குக் கொடுத்த காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு முதல் ஒயிலை 1000 கிலோமீட்டரிலேயே இறக்கிவிட்டோம், உள்ளே கிடக்கும் மிச்சத் துணுக்குகளுக்காக. பில்டரை வெட்டிப் பார்த்ததில் உலோகத் தூள் எதுவும் இல்லை. பெயரிங் தப்பியது என்று அப்போதுதான் நிம்மதி வந்தது. இப்போது திரும்ப 10டபிள்யூ-30, பில்டரோடு 3.7 லீட்டர். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று மெக்கானிக்குகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். என் காரில் சூட்டோடு 3000இல் 40க்கு மேல் காட்டுகிறது. கட்டுநாயக்கவுக்குப் போய் வருவதில் பயமில்லை. ஊருக்குள் லீட்டருக்கு 9, 10 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்த நெரிசலுக்கு அது போதும்.

டைமிங் கவரின் கீழ் மூலையில் மட்டும் மெல்லிய ஒயில் ஈரம் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கவரை முழுதாகக் கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். நானாவிடம் கேட்டேன். "சொட்டு விழுந்தாப் பாப்பம் தம்பி" என்றார். இரவில் காருக்குக் கீழே ஒரு அட்டையை விரித்துவைக்கிறேன். இதுவரை விழவில்லை.