ராசிக்கேற்ற யோகமும் மூச்சும்: மூன்று ஆண்டுகள் செய்து பார்த்த பிறகு

2022 மே மாதத்தில் சிங்கப்பூரில், என் நாற்பத்தாறாவது வயதில், பிறந்த ராசியைப் பார்த்து ஆசனங்களையும் மூச்சுப்பயிற்சியையும் வகுத்துத் தரும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு சனிக்கிழமைகள், கட்டணம் 360 வெள்ளி, வீட்டில் தினமும் செய்வதற்கு ஒரு கையேடு. வகுப்பு முடிந்த பின்னும் பயிற்சியை நான் விடவில்லை. வெளியூர் சென்ற நாள்களும் காய்ச்சலில் கிடந்த சில வாரங்களும் தவிர, இன்றுவரை செய்து வருகிறேன். சேர்ந்தபோது எனக்கு இருந்த குறைகள் மூன்று: நான்கு ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு வந்த இரத்த அழுத்தம், நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்தால் மறுபடி உறங்க முடியாத தொல்லை, கணக்கு வேலையில் குனிந்தே இருந்து இறுகிப்போன தோள்கள். இப்படிப்பட்ட வகுப்பில் நெடுநாள் பயின்ற ஒருவர் எழுதியது கிடைக்குமா என்று அப்போது தேடினேன்; கிடைத்தவை யாவும் முதல் வாரத்து மகிழ்ச்சியில் எழுதப்பட்டவை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முறையின் அடிப்படை சோதிடம் அறிந்தவர்களுக்குப் புதிதன்று. ராசி மண்டலத்தையே ஓர் ஆளாக உருவகித்த காலபுருஷனின் உடலில் மேஷம் தலையாகவும் ரிஷபம் முகமாகவும் தொடங்கி, மகரம் முழங்காலாகவும் கும்பம் கணைக்காலாகவும் மீனம் பாதமாகவும் முடியும்படி பன்னிரண்டு ராசிகளும் அமைகின்றன. அதனுடன் நெருப்பு, நிலம், காற்று, நீர் என்ற பூதங்களின் பகுப்பும் சேர்கிறது. உறுப்பைப் பார்த்து ஆசனம் தருவார்கள். பூதத்தைப் பார்த்து மூச்சு தருவார்கள். மேஷம், சிம்மம், தனுசு ஆகிய நெருப்பு ராசிகளுக்குக் குளிர்ச்சி தரும் சீதளியும் இட நாசியால் மூச்சை இழுக்கும் சந்திரபேதனமும், கடகம், விருச்சிகம், மீனம் ஆகிய நீர் ராசிகளுக்கு உடலைச் சூடேற்றும், துருத்திபோல வேகமாக மூச்சு விடும் பஸ்திரிகாவும் வல நாசியால் இழுக்கும் சூரியபேதனமும் என்பது எங்கள் கையேட்டின் கணக்கு. இங்கே ராசி என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற ராசி. ஆங்கில நாளிதழ்களில் பிறந்த தேதியை மட்டும் வைத்துச் சொல்லப்படுவது சூரியனின் ராசி. அதிலும் சூரியன் மேஷத்தில் நுழைவது அவர்களுக்கு மார்ச் 21 அளவில், நமக்குச் சித்திரை முதல் நாளில். இந்த வேறுபாடு தெரியாமல் வேறொரு ராசியைத் தமதென்று எண்ணி வந்தவர்கள் எங்கள் வகுப்பில் நால்வர் இருந்தனர்.

என் பிறந்த விவரங்களை நானே ஒரு கைப்பேசிச் செயலியில் இட்டுப் பார்த்தேன். ஆயில்யம் நான்காம் பாதம், கடக ராசி என்று வந்தது. கடகத்துக்கு உரிய உறுப்பு மார்பு என்பதால் புஜங்காசனம், மத்ஸ்யாசனம் போன்ற, நெஞ்சை விரிக்கும் ஆசனங்கள் தரப்பட்டன. மூச்சுக்குப் பஸ்திரிகா மூன்று சுற்று, சூரியபேதனம் பத்து நிமிடம். ஆசனங்கள் எனக்கு மிகவும் பொருந்தின. ஆறாவது வாரத்திலேயே தோள்கள் தளர்ந்தன. மாலையில் கழுத்தைத் திருப்பும்போது வந்த வலி குறைந்தது. மூச்சுப்பயிற்சி அப்படி அமையவில்லை. பஸ்திரிகா முடிந்ததும் நெற்றிப்பொட்டு தெறிக்கும். சில நாள்களில் படபடப்பு அரை மணி நேரம் நீடிக்கும். வீட்டுக் கருவியில் அளந்தபோது மேல் அளவு 150ஐத் தாண்டியிருந்தது. நீர் ராசிக்காரர்களின் மந்தம் கரையும்போது இப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் நம்பி எட்டு மாதங்கள் தொடர்ந்தேன். அந்த எட்டு மாதங்களைத்தான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

2023 சனவரியில், தங்கை மகளின் திருமணப் பொருத்தம் பார்ப்பதற்காகச் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சோதிடரிடம் சென்றிருந்தோம். பேச்சுவாக்கில் என் ராசியைச் சொன்னபோது அவர் பிறந்த ஆண்டைக் கேட்டார். 1976 என்றேன். “அம்மா, 1982க்கு முன்னால் இங்கே பிறந்தவர்களுக்கு அரை மணி நேரம் கூட்டிப் பார்க்க வேண்டும்,” என்றார். சிங்கப்பூரின் கடிகாரம் 1981 முடியும்வரை கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னே இருந்தது. 1982 சனவரி முதல் தேதியிலிருந்துதான் எட்டு மணி நேரமாயிற்று. நானோ செயலியில் எட்டு என்று இட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் சந்திரன் நகர்வது கால் பாகையளவுதான். பெரும்பாலோருக்கு இதனால் ராசி மாறாது, லக்கினம் மாறக்கூடும். என் சந்திரனோ கடகத்தின் விளிம்பிலேயே நின்றிருக்கிறது. அப்பா குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த நேரத்தைத் திருத்திக் கணித்தபோது மகம் முதல் பாதம், சிம்ம ராசி என்று வந்தது. நீர் ராசி என்று எட்டு மாதம் உடலைச் சூடேற்றிய நான், அதே கையேட்டின்படி குளிர்ச்சி தேவைப்படும் நெருப்பு ராசிக்காரி.

பயிற்சியை மாற்றினேன். சிம்மத்துக்கு நம் மரபில் வயிறு உரியது. மேலை மரபு இதயத்தைத் தருகிறது. ஆகவே அர்த்த மத்ஸ்யேந்திராசனமும் பவனமுக்தாசனமும் சேர்ந்தன. மூச்சுக்குச் சீதளி, சந்திரபேதனம், வண்டுபோல ரீங்கரிக்கும் பிராமரி. இரண்டே வாரத்தில் படபடப்பு நின்றது. நான்காம் மாதத்தில் இரவு விழிப்பு வாரத்துக்கு ஓரிரு முறையாகக் குறைந்தது. வகுப்புத் தோழியர் இதைக் கேட்டதும் சரியான ராசி கிடைத்ததன் பலன் என்று மகிழ்ந்தனர். நானும் சில காலம் அவ்வாறே எண்ணினேன். ஆனால் பலதுறை மருந்தகத்தில் என் குறிப்புகளைக் காட்டியபோது, மருத்துவர் ராசியைப் பற்றி எதுவும் கேட்காமல், வேகமாகவும் வலிந்தும் மூச்சு விடுவது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தகாது என்றார். பழைய யோக ஆசிரியர்களும் பஸ்திரிகாவுக்கும் கபாலபாதிக்கும் இதே எச்சரிக்கையைத் தருகிறார்கள். என் சந்திரன் உண்மையிலேயே கடகத்தில் நின்றிருந்தாலும் அந்தப் பயிற்சி எனக்குத் தீங்காகவே இருந்திருக்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக இழுத்து, இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு தணிகிறது. இது எந்த ராசிக்காரருக்கும் பொது. ராசியைக் கேட்கும் முன் நோயையும் மருந்தையும் கேட்பது ஆசிரியரின் கடமை. எங்கள் வகுப்பில் அது கேட்கப்படவில்லை என்பதே என் முதன்மையான குறை.

இதற்காக ராசி முறையை நான் தூக்கி எறியவில்லை. ‘இது எனக்கென்று வகுக்கப்பட்டது’ என்ற எண்ணம் இல்லாதிருந்தால், முன்பு சமூக மன்றத்தில் சேர்ந்து ஐந்தே வாரத்தில் விட்ட வகுப்பைப் போல இதையும் விட்டிருப்பேன். தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் கவனிக்கும் பழக்கமும் இதனால்தான் வந்தது.

இந்த ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட எங்கள் கையேடு, பிரம்ம முகூர்த்தம் என்று காலை நாலரை மணியைக் குறிக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே உதிப்பதால், உதயத்துக்கு 96 நிமிடம் முன்பிருந்து 48 நிமிடம் முன்புவரை என்ற கணக்கின்படி அது ஏறத்தாழ 5.24 முதல் 6.12 வரை அமையும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேரத் தூக்கம் பெரிது. அடுத்தது சீதளி. நாக்கைக் குழலாகச் சுருட்டிக் காற்றை வாயால் இழுப்பதால் ஈரம் ஆவியாகிக் குளிர்ச்சி உண்டாகிறது. நம் ஊரின் ஈரக் காற்றில் அந்தக் குளிர்ச்சி குறைவாகவே தெரியும். மூக்கின் வடிகட்டலும் அதில் கிடையாது. 2023 அக்டோபரில் புகைமூட்டத்தால் காற்றின் தரம் கெட்டிருந்த நாள்களில் சீதளியை அறவே நிறுத்தி, சன்னலை மூடிக்கொண்டு பிராமரி மட்டும் செய்தேன். குளிரூட்டியின் நேர்க்காற்றில் அமர்ந்து சீதளி செய்த ஒரு வாரம் தொண்டை கட்டியதும் உண்டு.

இரண்டாம் ஆண்டில் சரம் பார்க்கவும், அதாவது மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று பார்க்கவும் கற்றேன். மூச்சையும் கோள்களையும் இணைப்பதில் நம் மரபில் ராசியைவிடக் கிழமைக்கே பேச்சு அதிகம். திங்கள், புதன், வெள்ளியில் இடப்பக்கமும், ஞாயிறு, செவ்வாய், சனியில் வலப்பக்கமும், வியாழனில் வளர்பிறையாயின் இடமும் தேய்பிறையாயின் வலமும் ஓட வேண்டும் என்று திருமூலர் வகுக்கிறார். ஐந்து மாதங்கள் காலையில் எழுந்ததும் எந்த நாசியில் மூச்சு ஓடுகிறது என்று குறித்து வைத்தேன். கிழமைக்கு இசைந்த ஒழுங்கு என் குறிப்பில் தென்படவில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் சற்று நேரத்தில் வல நாசி திறக்கும் என்பதையும் அப்போதுதான் கண்டேன். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய உதவி.

மூச்சை அடக்கும் அளவில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இழுக்கும் பூரகம் 16, அடக்கும் கும்பகம் 64, விடும் இரேசகம் 32 மாத்திரை (கால அளவு) என்பது திருமந்திரத்தின் கணக்கு. எங்கள் வகுப்பில் மூன்றாம் மாதமே அதை எட்ட முயன்ற இருவருக்குத் தலைசுற்றல் வந்தது. நான் கும்பகமே செய்வதில்லை. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிறேன். என் இரத்த அழுத்தம் இப்போது பெரும்பாலும் 130ஐ ஒட்டி நிற்கிறது. இடையில் மருந்தும் மாற்றப்பட்டது, உப்பையும் குறைத்தேன், ஆகையால் இதில் மூச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. தூக்கத்தைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பிராமரி செய்யாமல் படுத்த இரவுகளில் விழிப்பு திரும்பி வருகிறது.

இந்த ஆண்டு என் அம்மாவும் என்னுடன் சேர்ந்துகொண்டார். அவர் பிறந்தது 1943இல், சப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர்க் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தில் ஓடிய காலத்தில். அவர் பிறந்த நேரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, நட்சத்திரமும் தெரியாது. இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் ஆனதும், வரவேற்பறை நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கண்களை மூடி, ஏழு முறை பிராமரி செய்துவிட்டுப் படுக்கப் போகிறார்.